நத்தார் பாப்பாவின் கணக்குப் புத்தகம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், சிறு பிள்ளைகள் இருக்கின்ற தமிழ் வீடுகளில் ஒரு மிரட்டல் கேட்கத் தொடங்கிவிடுகின்றது. "சோற்றைச் சாப்பிட்டு முடி, இல்லாவிட்டால் நத்தார் பாப்பா வரமாட்டார்." "தங்கச்சிக்கு அடித்தால் பாப்பா எழுதி வைத்துக்கொள்ளுவார்." யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கேட்கின்ற இதே வாசகம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கேட்கின்றது. கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து வீடுகளில் மட்டுமன்றி, பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கொண்டாடுகின்றார்களே என்பதற்காக மரம் வைத்து விளக்குப் போடுகின்ற சைவ வீடுகளிலும் கேட்கின்றது.

இந்த மிரட்டல் நிறுத்தப்பட வேண்டும். அதைச் சொல்வதற்காகவே இதனை எழுதுகின்றேன். நத்தாரை நிறுத்துங்கள் என்றோ, பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்காதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. பரிசுக்கும் நடத்தைக்கும் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சின் நுனியை முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரரின் கையில் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்லுகின்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் நாளிதழ்களில் பணியாற்றியவன் என்ற வகையில், நத்தார்ச் சிறப்பிதழ்கள் எவ்வாறு தயாராகின்றன என்பதை நன்கறிவேன். முதலில் விளம்பரப் பகுதியிலிருந்து பக்கங்களின் அளவு வந்து சேரும். குளிர்சாதனப் பெட்டி, நகை, சேலை, கைத்தொலைபேசி என்று இடம் ஒதுக்கப்படும். பின்னர் ஜனாதிபதியின் வாழ்த்து, ஆயரின் ஆசிச் செய்தி. மாட்டுத் தொழுவத்தில் பிறந்த குழந்தையின் கதை எஞ்சிய இடத்துக்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். இடம் போதவில்லையென்றால் ஆட்டிடையர்களை வெட்டலாம், விளம்பரத்தை வெட்ட முடியாது என்பது செய்தி மேசையின் எழுதாத விதி. பத்திரிகை ஒரு வியாபாரம். அச்சுத்தாளுக்கும் மைக்கும் யாரோ பணம் கட்ட வேண்டும். ஆனால் வீடு வியாபாரம் அல்லவே! அங்கும் ஏன் கதையை வெட்டிவிட்டு விளம்பரத்தை வைத்திருக்கின்றோம்?

நத்தார் பாப்பாவின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் ஊரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் நிக்கொலஸ். அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் மிகவும் புகழ்பெற்றது ஒரு சீதனக் கதை என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பன் நொடிந்துபோகின்றான். சீதனம் கொடுக்க வழியில்லை. பிள்ளைகள் விலைப்பட்டுப் போகும் நிலை. அதைக் கேள்வியுற்ற நிக்கொலஸ் இரவிலே எவரும் அறியாமல் பொற்காசு முடிச்சை அந்த வீட்டுக்குள் எறிந்துவிட்டுச் செல்லுகின்றார். மூன்று பெண்களுக்கும் இவ்வாறே நடக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்கு இதைவிட நன்றாக விளங்கக்கூடிய புனிதர் கதை வேறு உண்டோ, அறியேன்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கின்றது. மூத்தவள் அடக்கமானவளா, இளையவள் சொற்கேட்பவளா என்று நிக்கொலஸ் விசாரிக்கவில்லை. தேவை இருந்தது, கொடுத்தார். வாங்குகின்றவன் வெட்கப்படக் கூடாது என்பதற்காகவே இரவில் வந்தார்.

கணக்குப் புத்தகம் பின்னால் வந்து சேர்ந்தது. ஒல்லாந்தரின் சிந்தர்கிளாசிடம் பிள்ளைகளின் நடத்தையைப் பதிந்த பெரிய புத்தகம் ஒன்று இருப்பதாக ஐதீகம். சுவிற்சர்லாந்தில் டிசம்பர் 6ஆம் திகதி வருகின்றவருடன் கரிய முகத்தோடு ஒரு துணையாள் வருவார், கையில் விளாறும் இருக்கும். அங்கு வாழும் நம்மவர்கள் இதனைக் கண்ணால் கண்டிருப்பார்கள். அமெரிக்காவில் 1823ஆம் ஆண்டு வெளியான ஒரு கவிதை அவருடைய கலைமான் வண்டியைப் புகழ்பெறச் செய்தது. 1863ஆம் ஆண்டு முதல் தோமஸ் நாஸ்ட் என்ற பத்திரிகைச் சித்திரக்காரர் அவருக்கு உருவம் கொடுத்தார். எங்கள் தொழிற்காரர்தான்! 1871இல் அவர் வரைந்த ஒரு சித்திரத்தில், நத்தார் பாப்பா மேசையில் அமர்ந்து கடிதம் வாசிக்கின்றார். அருகில் இரு குவியல்கள்: குறும்புப் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்தவை ஒன்று, நல்ல பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்தவை மற்றொன்று. 1931 முதல் கொக்கா கோலா நிறுவனத்தின் விளம்பரங்கள் அந்தச் சிரித்த முகத்தை உலகமெங்கும் கொண்டுசென்றன. சிவப்புச் சட்டையை அந்த நிறுவனந்தான் போட்டுவிட்டது என்று பலர் எழுதுவதுண்டு, அது சரியல்ல. சட்டை முன்னரே இருந்தது. அவர்கள் அதைச் சந்தைக்கு அனுப்பிவைத்தார்கள்.

இவ்வாறு வந்தவர் நம் வீட்டு வாசலை அடைந்தபோது, நமக்கு நன்கு தெரிந்த ஒருவரின் வேலையையும் ஏற்றுக்கொண்டார். சிறு வயதில் நம்மைச் சோறு உண்ண வைப்பதற்குப் பூச்சாண்டி ஒருவன் இருந்தான். சாக்கோடு திரியும் பிள்ளைபிடிகாரன் இருந்தான். போர்க் காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கற்பனையும் தேவைப்படவில்லை, "ஆமி வருகுது" என்றாலே போதும். இன்று அந்த இடத்தில் நத்தார் பாப்பா அமர்ந்திருக்கின்றார். தோளிலே அதே சாக்கு. அன்று பிள்ளையைச் சாக்குக்குள் போடுவான் என்று பயம். இன்று சாக்குக்குள்ளிருந்து ஒன்றும் வராது என்று பயம். பயம் காட்டித்தான் பிள்ளை வளர்ப்போம் என்ற நம் பிடிவாதத்துக்கு ஒரு புதிய உடுப்பு, அவ்வளவுதான்.

போதாதென்று, மேற்கு நாடுகளில் இப்போது நத்தார்க் காலத்தில் அலுமாரித் தட்டிலே ஒரு குட்டிப் பொம்மையை அமர்த்தி வைக்கின்றார்கள். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவர் புத்தகத்தோடு பிறந்த வழக்கம் இது. அந்தப் பொம்மை பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்து, இரவிலே வடதுருவத்துக்குப் போய்ச் சொல்லிவிடுமாம். நம்மவர் வீடுகளிலும் அது குடியேறிவிட்டது. அமர்ந்திருந்து பார்த்து, ஆள் காட்டிக் கொடுக்கின்றவனுக்கு நமது நாட்டில் ஒரு பெயர் இருந்தது. சுற்றிவளைப்பின்போது முகமூடியோடு இருத்தி வைக்கப்பட்டு, வரிசையில் செல்பவர்களைப் பார்த்துத் தலையசைத்த அவனைத் 'தலையாட்டி' என்றோம். அவனுக்கு முன்னால் நடந்து தப்பிய ஒரு தலைமுறை, தன் பேரப்பிள்ளைகளின் அறையில் ஒரு தலையாட்டியை வாங்கி வைத்துவிட்டு அதனை விளையாட்டு என்கின்றது.

"இது வெறும் கற்பனை, பிள்ளைகளுக்கு இதிலே என்ன தீங்கு?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்லுகின்றேன்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில், வன்னியிலுள்ள ஒரு முன்பள்ளியின் ஒளிவிழாவுக்குச் சென்றிருந்தேன். நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த ஆண்டு அது. பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனங்கள் வரிசையில் நின்ற ஆண்டு. ஒளிவிழாக்களில் நத்தார் பாப்பா பரிசு கொடுப்பது எப்படியென்று இலங்கை வாசகர்களுக்குத் தெரியும். பெற்றோர் தத்தம் பிள்ளைக்குரிய பொருளை வாங்கிப் பொதி செய்து, பெயர் எழுதி, முதல் நாளே ஆசிரியையிடம் இரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் பாப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். அன்றும் அப்படியே நடந்தது. பாப்பா ஒவ்வொரு பிள்ளையிடமும், "நீங்கள் நல்ல பிள்ளையா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார். "ஓம்" என்றார்கள். வெளிநாட்டில் மாமன்மார் உள்ள ஒரு சிறுவனுக்கு மூன்று சக்கரச் சைக்கிள் கிடைத்தது. எனக்கு முன் வரிசையிலிருந்த ஒரு சிறுமிக்கு வர்ணப் பென்சில் பெட்டி ஒன்று கிடைத்தது. அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "அம்மம்மா, அவன் என்னைவிட நல்ல பிள்ளையோ?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்மணிக்குப் பதில் வரவில்லை. வேறென்ன செய்வார்? ஏழ்மை என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லிக் கொடுத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். காசில்லாத வீட்டில் வளரும் பிள்ளைகள் காசில்லாமையை நாம் நினைப்பதைவிட விரைவாகப் புரிந்துகொள்கின்றார்கள். ஆனால் அன்று அவளுக்குச் சொல்லப்பட்ட பாடம் வேறு. உன்னிடம் குறைந்திருப்பது பணமல்ல, குணம் என்பதே அந்தப் பாடம். ஒருவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. அந்த ஆசிரியைகள் தங்கள் கைக்காசிலே கேக் வாங்கியவர்கள். ஆனாலும் கணக்குப் புத்தகத்தை உள்ளே விட்டால் அது இந்த வேலையைத்தான் செய்யும். பணக்காரப் பிள்ளைகளை நல்லவர்கள் என்றும் ஏழைப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்றும் பிரிக்கும்.

அந்தச் சைக்கிளுக்குப் பணம் அனுப்பியவரையும் எண்ணிப் பாருங்கள். நம் சமூகத்திலே நத்தார்ப் பரிசுகளின் பின்னால் யார் இருக்கின்றார்கள்? ஸ்காபரோவில் இரவுப் பணி செய்கின்ற தகப்பன் இருக்கின்றான். பாரிசில் உணவகத்துக் கோப்பை கழுவுகின்ற சித்தப்பா இருக்கின்றார். குவைத்திலோ சவூதியிலோ பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு, தன் பிள்ளையைக் கைத்தொலைபேசித் திரையில் பார்க்கின்ற தாய் இருக்கின்றாள். அவள் அனுப்பிய பணத்தில் வாங்கிய பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை வடதுருவத்துத் தாத்தாவுக்கு நன்றி சொல்லுகின்றது. கனடாவிலே அவருக்குக் கடிதம் எழுதுவதற்கு அஞ்சல் துறை தனியான அஞ்சற் குறியீடு ஒன்றையே ஒதுக்கி, பதிலும் அனுப்புகின்றது. அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

நிக்கொலசும் மறைந்துதானே கொடுத்தார் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் மறைந்தது வாங்குகின்றவனின் மானத்தைக் காப்பதற்காக. பெற்ற பிள்ளை தாயிடமிருந்து வாங்குவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. அங்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை, சொல்லி மகிழத்தான் இருக்கின்றது.

இனி, இந்தத் திருநாளுக்கு மூலமான கதைக்கு வருவோம். அதை வெறும் கதையாக வாசிப்பவர்களுக்கும் இது பொருந்தும். லூக்கா எழுதிய நற்செய்தியில் ஒரு பட்டியல் வருகின்றது. அது வானத்திலே எழுதப்பட்டதல்ல, உரோமைப் பேரரசன் அகுஸ்து கட்டளையிட்ட குடிமதிப்புப் பட்டியல். பெயரைப் பதிவதற்காக நிறைமாதக் கர்ப்பிணி பயணம் செய்ய வேண்டியிருக்கின்றது. சென்ற ஊரில் விடுதியில் இடமில்லை. குழந்தை தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகின்றது. மத்தேயு எழுதியதில், அரசன் ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆள் அனுப்புகின்றான். குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகின்றது.

இதை ஓர் இலங்கைத் தமிழனுக்கு விளங்கப்படுத்த வேண்டுமா? கொழும்பில் வீடு வீடாகப் பொலிஸ் பதிவு எடுத்த காலத்தை நாம் மறக்கவில்லை. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுக்க வேண்டியிருந்தது. விடுதியில் இடமில்லை என்ற சொல்லை நாம் வேதாகமத்தில் மட்டும் வாசிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வெறிச்சோடிய இரவில், கைக்குழந்தைகளோடு செம்மணி வெளியைக் கடந்தவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் இருக்கின்றார்கள். 2009 டிசம்பரில் மெனிக் பாம் முகாம்களில் பல்லாயிரக்கணக்கானோர் நத்தாரைக் கழித்தார்கள்.

இத்தனை நெருக்கமான கதையைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் நம் பிள்ளைகளுக்குக் கலைமான் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றோம். மாரி மழை கொட்டி, வயலெல்லாம் வெள்ளம் நின்று, தவளை கத்துகின்ற டிசம்பரிலே, சவுக்கங்கிளையின் மேல் பஞ்சைப் பிய்த்து வைத்துப் பனி என்கின்றோம்.

நல்ல பிள்ளைகளுக்கு நல்லது நடக்கும் என்ற கணக்கு நம் மண்ணில் செல்லாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் காலையில் கடல் வந்தது. கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் கரையோர வீடுகளில், முதல் நாள் கிடைத்த பரிசுகளோடு பிள்ளைகள் போய்விட்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள் குண்டுக்குப் பலியானார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்? அவர்களோடு அதே வாங்கில் இருந்து தப்பிய பிள்ளைகள் இன்று வளர்ந்திருக்கின்றார்கள். அவர்களிடம் போய், நல்ல பிள்ளையாக இருந்தால் கிடைக்கும் என்று சொல்ல எவருக்கு நா எழும்? நன்மை செய்வது நன்மைக்காகவே. அதற்குக் கூலி உண்டு என்று ஐந்து வயதில் நம்ப வைத்தால், கூலி கிடைக்காத முதல் நாளிலேயே பிள்ளை நன்மையைக் கைவிட்டுவிடும்.

"மற்றப் பிள்ளைகள் எல்லாம் பாப்பாவைப் பற்றிப் பேசும்போது எங்கள் பிள்ளை ஏங்கிப் போகாதா?" என்று புலம்பெயர்ந்த வாசகர்கள் கேட்பார்கள். ஏங்காது. பிள்ளைகளுக்கு வேடம் போட்ட மனிதன் என்று தெரிந்த பிறகும் வேடத்தை இரசிக்கத் தெரியும். நமது கூத்திலே இராவணன் வேடம் போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்துகொண்டுதானே விடிய விடிய வாய் பிளந்து பார்த்தோம்? தாடிக்காரர் தெருவிலே வரட்டும், ஆடட்டும், இனிப்புக் கொடுக்கட்டும். மற்ற வீட்டுப் பிள்ளையின் நம்பிக்கையை உடைக்கும்படி உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் வரும்போது அந்தப் புத்தகத்தை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்படியானால் வீட்டிலே என்ன செய்வது? செய்வதற்கு நிறைய இருக்கின்றது, பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

பாலன் குடிலைக் கடையில் வாங்காமல் பிள்ளைகளோடு கட்டுங்கள். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ என்னும் மலைக் கிராமத்தில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தபோது, அவரிடம் இருந்தவை வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுந்தான். எங்கள் ஊரில் பனையோலையால் கூரை வேய்ந்தோம். பழைய தகரப் பேணியில் குரக்கன் தூவி முளைக்க வைத்து, அதுவே புல்வெளியாயிற்று. முளை வந்துவிட்டதா என்று காலையில் எழுந்து ஓடிப் பார்ப்பதே ஒரு திருநாள். குழந்தையின் தொட்டியை நத்தார் இரவு வரை வெறுமையாக விடுங்கள். காத்திருக்கப் பழகுவது சிறு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய சொத்து. பல கத்தோலிக்கக் குடும்பங்களில், திருவருகைக் காலத்தில் பிள்ளை ஓர் உதவி செய்தால் அந்தத் தொட்டியில் ஒரு வைக்கோலை இடுகின்ற வழக்கம் உண்டு. இதுவும் கணக்குத்தானே என்பீர்கள். இல்லை. எவரும் அதை எண்ணிப் பார்த்துக் கூலி கொடுப்பதில்லை. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு மெத்தை போடுகின்ற வேலை அது. அங்கே பிள்ளை வாங்குகின்றவன் அல்லன், கொடுக்கின்றவன்.

கேக்குக்கு ரவை வறுக்கும்போதும், முந்திரிப் பருப்பும் பூசணித் தோசியும் அரியும்போதும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்திருங்கள். பாதி வாய்க்குள் போகும், போகட்டும். பலகாரத் தட்டை அயல் வீடுகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். சைவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போகட்டும். தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது என்பதை அது தானாகவே கற்றுக்கொள்ளும். கண்டத்துக்குக் கண்டம் சிதறி வாழ்கின்ற நமக்கு, ஸ்காபரோவின் அடுக்குமாடியிலும் பக்கத்துக் கதவு ஒன்று இருக்கின்றது.

பரிசுப் பொதியின் மேல் கொடுத்தவரின் பெயரை எழுதுங்கள். "அம்மா, குவைத்திலிருந்து" என்று எழுதுங்கள். "அப்பா, இரண்டு மாதம் மேலதிக வேலை செய்து வாங்கியது" என்று எழுதுங்கள். பென்சில் பெட்டி என்றால் பென்சில் பெட்டிதான், அதில் வெட்கம் இல்லை. முந்திய நாள் பிள்ளை பிடிவாதம் பிடித்துத் தரையில் புரண்டிருந்தாலும் கொடுங்கள். புரண்டதற்குரிய கண்டிப்பை அன்றே, உங்கள் சொந்தப் பெயரில் செய்யுங்கள். அதை டிசம்பர் 25க்கு ஒத்திவைத்து வேறொருவரின் தலையில் கட்டாதீர்கள். பிள்ளையைக் கண்டிக்கத் தகுதி உள்ளவர் வீட்டில் இருக்கும்போது வடதுருவத்திலிருந்து ஏன் ஆள் கூப்பிட வேண்டும்?

தொழுவத்துக்கு முதலில் வந்தவர்கள் ஆட்டிடையர்கள். இரவிலே வெளியில் கிடந்தவர்கள், கையில் கொண்டுவர எதுவும் இல்லாதவர்கள். அவர்களை யாரும் நல்லவர்களா என்று கேட்டு உள்ளே விடவில்லை. அடுத்த ஒளிவிழாவில் நத்தார் பாப்பா வேடம் போடப்போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், கொடுங்கள், அது போதும். ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில், ஒரே பொருளைக் கொடுங்கள். வெளிநாட்டு மாமன்மார் தங்கள் சைக்கிளை வீட்டிலேயே கொடுத்துக்கொள்ளட்டும்.

அனைவருக்கும் நத்தார் வாழ்த்துக்கள்.